கத்திரி வெயிலில் பழைய பேஸ் கிட்டார்

வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டினால் பழைய பேஸ் கிட்டாரின் கழுத்து வளைவும் மாறிவிடும். சுருதி சேர்த்துவிட்டு, தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி, சுமார் 0.3 மில்லிமீட்டர், இருந்தால் சரி. அதிகமென்றால் கம்பிகளைத் தளர்த்தி, ட்ரஸ் ராட் (கழுத்துக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) நட்டை வலப்பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். 1960களின் ஃபெண்டர் கம்பெனி பேஸ்களில் அந்த நட் கழுத்தின் அடிமுனையில் இருக்கும்; கழுத்தைக் கழற்றித்தான் திருப்ப வேண்டும், கொஞ்சம் தலைவலிதான்.

அப்புறம், நைட்ரோ லேக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ்) பூசிய பேஸை ரப்பர் ஸ்டாண்டில் சாய்க்காதீர்கள். பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். என்னுடையதில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது ஸ்டாண்டில் பழைய வேட்டித் துணி சுற்றியிருக்கிறேன்.