நண்பர்கள் நாவலில் கோழையை எழுதுவது எப்படி

நட்பைப் பற்றிய நாவலில் துணிந்தவனை எழுதுவது சுலபம். வேலிப் படலையைத் திறந்து அவன் வெளியே போனால் வாசகர் தானாகப் பின்னால் போவார். போகாமல் வீட்டுக்குள் நின்றவனை எழுதும் இடத்தில்தான் பெரும்பாலான கைப்பிரதிகள் இடறுகின்றன.

முதலில் ஒரு தாளில் பயக் கணக்குப் போடுங்கள். நண்பர் ஒவ்வொருவருக்கும் மூன்று கேள்வி: எதற்குப் பயம், துணிந்தால் எதை இழப்பான், அந்த நேரம் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'சாவுக்குப் பயம்' என்று எழுதியிருந்தால் வெட்டிவிடுங்கள்; அது எல்லாருக்கும் உள்ளது, அதை வைத்து ஒருவனை மற்றவனிடமிருந்து பிரிக்க முடியாது. மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் வேலிக்கு அந்தப் பக்கம் எப்போதும் ஒரு கண் இருக்கும். பாதிக் கோழைத்தனம் அந்தக் கண்ணுக்காக நடப்பது.

அடுத்தது வயதுக் கணக்கு. நாம் பார்க்கப்போகும் உதாரண நாவல் போர்க்கால யாழ்ப்பாணத்தில், இரண்டு ஒக்டோபர்களைச் சுற்றி நடக்கிறது. 1974 தொடக்கத்தில் பிறந்தவனுக்கு 1990 ஒக்டோபரில் 16 வயது, 1995 ஒக்டோபரில் 21. 16 வயதில் ஒதுங்கி நின்றதை வாசகர் மன்னிப்பார். 21 வயதிலும் அதையே செய்தால் கணக்கு வேறு.

இனி ஒரு காட்சியைக் கட்டிப் பார்ப்போம். 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, 2 மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, அங்கிருந்து அனுப்பினார்கள். நம் நாவலில் ரிஸ்வான், முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருப் பெடியன், நிமலனும் ரூபனும் அவனோடு ரியூசனுக்குப் போகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல்நாள் ரிஸ்வானின் சைக்கிளை நிமலன் இரவல் வாங்கி வந்திருக்கிறான். செய்தி பரவியதும் ரூபன் படலையடியில் வந்து நிற்கிறான்.

"வாடா, அவனைப் பாத்திட்டு வருவம்."

"நீ போ, நான் பேந்து வாறன். ரயரில காத்துப் போயிட்டுது."

ரயரில் காற்று நிறைய இருக்கிறது. ரூபன் போனதும் நிமலன் வால்வைத் தளர்த்திக் காற்றை இறக்குகிறான். பிறகு பம்பை எடுத்து அடிக்கத் தொடங்குகிறான். காட்சி இதோடு முடிய வேண்டும். 'குற்ற உணர்வு அவனைக் குத்தியது' என்று ஒரு வரி சேர்த்தால் அவ்வளவும் பாழ். தன் பொய்யை மெய்யாக்க ஒருவன் எவ்வளவு பாடுபடுகிறான் என்பதைக் கை காட்டிவிட்டது, வாய் எதற்கு? காட்சி 700 முதல் 900 சொல்லுக்குள் நிற்கட்டும். 60,000 சொல் நாவல் என்றால் இதை முதல் 20,000 சொல்லுக்குள் வையுங்கள். விளைவு வளர இடம் வேண்டும்.

'வரமாட்டன்' என்ற சொல் நிமலன் வாயில் எங்கேயும் வரக் கூடாது. 'பேந்து', அதாவது 'பிறகு', போதும். நம்மூர்ப் பேச்சில் அந்தச் சொல்லுக்குள் எத்தனை மறுப்பு ஒளிந்திருக்கிறது என்று காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

ரூபனின் துணிவையும் பெரிதாக்காதீர்கள். ஒரு போத்தல் தண்ணீரோடு தெருமுனை வரை போகிறான், துவக்கோடு நிற்பவன் 'திரும்பிப் போ' என்கிறான், திரும்பி வருகிறான். அவனுக்கும் கை நடுங்கட்டும். நடுக்கம் இல்லாதவனை எழுதினால் வாசகருக்கு அவன்மேல் வியப்பு வரும், பாசம் வராது.

சைக்கிளை விட்டுவிடக் கூடாது. அது குறைந்தது மூன்று தரம் திரும்பி வர வேண்டும், ஒவ்வொரு தரமும் வேறு வேலைக்கு. மின்சாரம் இல்லாமல், பற்றரியும் தடைப்பட்டிருந்த அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைச் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். நிமலன் வீட்டிலும் கேட்கிறார்கள், ரிஸ்வானின் சைக்கிளில். பெடல் சுற்றுவது நிமலன். 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ் நகரைச் சேர்த்த வலிகாமப் பகுதி மக்கள் போரால் இடம்பெயர்ந்தபோது அதே சைக்கிளில் மூட்டை கட்டி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டுத் தள்ளிக்கொண்டு போகிறான். அந்த வெளியேற்றமும் இந்த இடப்பெயர்வும் ஒரே தேதி என்பதைப் பாத்திரங்கள் யாரும் சொல்லிக் காட்டக் கூடாது. ஒருவன் சொன்னாலும் அது ஆசிரியர் குரலாகிவிடும். அத்தியாயத் தலைப்பில் தேதியை மட்டும் போடுங்கள், கண்டுபிடிப்பவர் கண்டுபிடிக்கட்டும்.

வழமையாகப் பிழைக்கும் இடங்கள் இரண்டு. கோழைக்கு மிக நல்ல நியாயம் கொடுத்துவிடுவது ஒன்று: அம்மா சாகக் கிடக்கிறாள், ஆகவே போகவில்லை என்றால் அவன் கோழையே இல்லை, காட்சியும் இல்லை. நியாயம் முக்கால்வாசி மெய்யாக இருக்க வேண்டும், மிச்சம் கால்வாசி அவனுக்கே உறுத்த வேண்டும். மற்றது, கடைசியில் அவனை ஷெல்லடியில் சாகடித்துக் கடன் தீர்ப்பது. போர்க்கால நாவலில் இது கைக்கெட்டிய குறுக்குவழி, அதனாலேயே வேண்டாம். உயிரோடு இருந்து முகம் பார்க்கிறதுதான் அவனுக்குக் கஷ்டம்.

2002 ஏப்ரலில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்த பிறகு ரிஸ்வான் ஊர் பார்க்க வரலாம். அந்தச் சந்திப்பில் மன்னிப்புக் கேட்கும் வசனம் வேண்டாம். முதல் பேச்சை ரிஸ்வானிடம் கொடுங்கள்: "சைக்கிள் இன்னும் கிடக்கோடா?" நிமலனின் பதிலை மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். அவன் மறுபடியும் பொய் சொல்கிற வடிவத்தை அவசரப்பட்டுக் கிழித்துப் போடாதீர்கள்.