வளையம் எறிய வைத்து ஊக்கத்தைக் கற்றுத் தருவது எப்படி

'நம்ம ஜனங்களுக்குத் தொழில் புத்தி கிடையாது, அதுதான் நாடு முன்னேறவில்லை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 1964-இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்கிளெலண்ட், ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ஆந்திராவின் காக்கிநாடா வியாபாரிகளுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி, அதாவது சவாலான இலக்கு வைத்து அதை எட்டும் வேட்கையை வளர்க்கும் பயிற்சி, கொடுத்தார். பயிற்சி பெற்றவர்கள் பிறகு மற்றவர்களைவிட அதிகமாக முதல் போட்டார்கள், வேலைக்கு ஆள் சேர்த்தார்கள். சாதியோ சம்பிரதாயமோ அவர்களுக்குக் குறுக்கே நிற்கவில்லை.

தொழில்முனைவோர் வகுப்பு எடுக்கும் நான் இன்றும் பயன்படுத்துவது அந்தப் பயிற்சி மரபில் வந்த வளையம் எறியும் விளையாட்டைத்தான். தரையில் ஒரு கம்பை நிறுத்துங்கள். அதிலிருந்து அடிக்கு ஒரு கோடாகப் பத்தடி வரை சாக்பீஸால் போடுங்கள். 'எங்கே நின்று வேண்டுமானாலும் எறியலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் சுற்று தனியாக, அடுத்தது எல்லோரும் பார்க்க.

வளையம் விழுந்ததா என்று பார்க்க வேண்டாம், கால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். தையல் கடை வைத்திருந்த ஒரு அக்கா தனியாக எறிந்தபோது முதல் கோட்டை விட்டு நகரவில்லை. கூட்டம் கூடியதும் நேரே ஒன்பதாவது கோட்டுக்குப் போய்விட்டார். மூன்று வளையமும் சுவரில் பட்டு விழுந்தன. 'ஏன் அங்கே போனீங்க?' என்றேன். 'தூரத்திலிருந்து தவறினா யாரும் குறை சொல்ல மாட்டாங்களே' என்றார்.

இந்தப் பதிலுக்காகத்தான் விளையாட்டே. உடனே விளக்கம் சொல்லாமல், 'வங்கியில் எவ்வளவு கடன் கேட்பீங்க?' என்று அடுத்துக் கேளுங்கள். மிகச் சுலபமாகவும் இல்லாமல், எட்டாததாகவும் இல்லாமல் நாலடியில் நின்று, தவறினால் அரை அடி முன்னே வந்து மறுபடி எறிகிறவர்தான் நீங்கள் காட்ட வேண்டிய உதாரணம். அப்புறம் ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கான இலக்கை ரூபாயிலும் தேதியிலும் எழுதட்டும்.

நாட்டின் வளர்ச்சியை இதோடு முடிச்சுப் போட அவசரப்படாதீர்கள். பள்ளிப் பாடநூல் கதைகளில் சாதனை வேட்கை மிகுந்த நாடுகள் பின்னால் வேகமாக வளர்ந்தன என்றார் மெக்கிளெலண்ட். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிலைக்கவில்லை. மின்சாரம், சாலை, கடன் இல்லாத ஊரில் ஊக்கம் மட்டும் எதைச் சாதிக்கும்?

காக்கிநாடாவிலேயே, கடையில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களிடம்தான் மாற்றம் நன்றாகத் தெரிந்தது. அதனால் கல்லாப்பெட்டிச் சாவி மாமனாரிடம் இருந்தால், மருமகளோடு அவரையும் வகுப்புக்கு அழையுங்கள். அவர் கையிலும் மூன்று வளையம் கொடுங்கள்.