வளைவின் வர்க்கம் மேசை மேல் தெரியுமா? ஒரு தாளில் கணக்குப் போடும் வழி

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டோடு காலவெளி வளைவின் வர்க்கங்களை (வளைவை வளைவாலேயே பெருக்கிய உறுப்புகளை) சேர்த்தால் குவாண்டம் கணக்கில் வரும் முடிவிலிகளை அடக்கிவிடலாம் என்று 1977-ல் இயற்பியலாளர் ஸ்டெல் காட்டினார். சரி, சேர்த்தாயிற்று. நாம் அளக்கக்கூடிய தூரத்தில் அது என்ன செய்யும்? இதற்கு ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

முதலில் சுமையைக் குறையுங்கள். நான்கு பரிமாணத்தில் காஸ்-போனே சேர்மானம் (மூன்று வகை வளைவு வர்க்கங்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் கூட்டியது) இயக்கச் சமன்பாட்டுக்குள் வராது. அதனால் மூன்று வர்க்கங்களை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம், ரிச்சி ஸ்கேலரின் (வளைவை ஒரே எண்ணாகச் சுருக்கியது) வர்க்கமும் வைல் (பொருளில்லாத இடத்திலும் மிஞ்சும் வளைவு) வர்க்கமும் போதும். முதலாவது தற்சுழற்சி 0 உள்ள ஒரு கனத்த துகளைக் கொண்டுவரும், இரண்டாவது தற்சுழற்சி 2 உள்ளதை.

அப்புறம் நியூட்டனின் நிலையாற்றலை இப்படிப் பெருக்குங்கள்: 1, அதிலிருந்து தற்சுழற்சி 2 துகளுக்கான அடுக்குக்குறித் தேய்வின் (தூரத்தை அந்தத் துகளின் விசை எட்டும் தூரமான 'வீச்சால்' வகுத்து e-யின் எதிர் அடுக்கில் போட்டது) 4/3 பங்கைக் கழித்து, தற்சுழற்சி 0 துகளுக்கான தேய்வின் 1/3 பங்கைக் கூட்டுங்கள். தூரம் பூச்சியமானால் 1 − 4/3 + 1/3 பூச்சியமாக வேண்டும். குறி தப்பியிருந்தால் இங்கேயே பிடிபடும் (நான் ஒரு மாலை முழுக்கத் தொலைத்த பிறகுதான் இந்தச் சோதனையைப் போட்டுப் பார்த்தேன்). அந்தக் கழித்தல் குறியோடு வரும் தற்சுழற்சி 2 துகள்தான் எல்லோரும் பயப்படும் 'பேய்': எதிர்மறை ஆற்றலோ எதிர்மறை நிகழ்தகவோ தந்துவிடும் துகள்.

இப்போது எண். 0.197-ஐ மைக்ரோமீட்டரில் உள்ள வீச்சால் வகுத்தால் துகளின் நிறை எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் முறுக்குத் தராசை (இழை முறுகுவதைப் பார்த்து மிகச் சிறு விசையை அளக்கும் கருவி) வைத்து 2020-ல் சொன்னது இது: நியூட்டன் விசையளவு வலிமையுள்ள புது விசை ஏதாவது இருந்தால் அதன் வீச்சு 38.6 மைக்ரோமீட்டருக்குள்தான் இருக்க முடியும். வகுத்தால் நிறை குறைந்தது சுமார் 5 மில்லி எலக்ட்ரான் வோல்ட். பிளாங்க் நிறையை (குவாண்டம் ஈர்ப்பின் இயல்பான நிறை அளவு) இதால் வகுத்து வர்க்கமாக்கினால், வர்க்க உறுப்பின் கெழு (அதன் முன் நிற்கும் எண்) கிட்டத்தட்ட 10⁵⁹ வரை போகலாம்!

இதைப் பார்த்துவிட்டு "அப்படியானால் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம்" என்று கிளம்பாதீர்கள். கெழு 1-ஐ ஒட்டி இருந்தால் வீச்சு பிளாங்க் நீளத்தளவுதான், எந்தத் தராசுக்கும் சிக்காது. பேரண்டம் தொடக்கத்தில் அதிவேகமாக விரிந்ததைச் சொல்லும் ஸ்டாரோபின்ஸ்கியின் 1980 மாதிரிக்கு வேண்டிய தற்சுழற்சி 0 துகளின் நிறை சுமார் 3×10¹³ கிகா எலக்ட்ரான் வோல்ட், அதன் வீச்சே 10⁻²⁹ மீட்டருக்குக் கீழே. பேயும் அப்படித்தான், கெழு 1-ஐ ஒட்டி இருந்தால் அது வரும் ஆற்றலில் வர்க்கத்தோடு நிறுத்தி நீங்கள் பாதியில் வெட்டிய தொடரே (வளைவின் இன்னும் உயர்ந்த அடுக்குகள் அதில் மிச்சம் இருக்கின்றன) செல்லுபடியாகாது. அதை நிஜத் துகளாக வைத்துத் தாழ்ந்த ஆற்றலில் முடிவு எழுதுவதுதான் புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு.

தூரத்தில் எட்டிப்பார்க்கும் உண்மையான குவாண்டம் விளைவு வேண்டுமானால் நிறையில்லாத கிராவிட்டானின் (ஈர்ப்பைச் சுமக்கும் குவாண்டம் துகள்) லூப்பை, அதாவது அது இடையில் தோன்றி மறைவதால் வரும் குவாண்டம் திருத்தத்தை, போடுங்கள். இயற்பியலாளர் டானகூ 1994-ல் தொடங்கிய வழி இது. 2003-ல் கிடைத்த விடை: நியூட்டன் விடையைப் பெருக்கும் 1-ஓடு குவாண்டம் திருத்தமாகக் கூடுவது 41/(10π) தடவை, பிளாங்க் நீளத்தைத் தூரத்தால் வகுத்ததன் வர்க்கம். இதில் உங்கள் கெழுக்கள் எதுவும் வராது, அவை இரு நிறைகளும் ஒரே புள்ளியில் சேரும்போது மட்டும் தெரியும் டெல்டா சார்பாக (ஒரு புள்ளியைத் தவிர எங்கும் பூச்சியமாக இருப்பது) ஒதுங்கிவிடும். அணு அளவான 10⁻¹⁰ மீட்டரைப் போட்டால் வருவது சுமார் 3×10⁻⁵⁰.