செயற்கைக்கோள், ரேடார் படங்களைப் பார்த்து மழையை அறிவது எப்படி? தொடக்கநிலைச் செய்முறை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் இணையதளத்தைத் திறந்தால் படங்களுக்குக் குறைவில்லை. எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதல் வேலையாக, படத்தில் பொறித்துள்ள நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது யுடிசி எனப்படும் உலகப் பொது நேரமாக இருக்கும். அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். 1200 யுடிசி என்றால் நமக்கு மாலை 5.30. வாட்ஸ்அப்பில் சுற்றும் பல படங்கள் இந்தச் சோதனையிலேயே பழையவை என்று தெரிந்துவிடும்.

அடுத்து, இன்சாட் செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தைத் திறங்கள். இது இரவிலும் கிடைக்கும். இதில் தெரியும் வெண்மை மழையின் அளவன்று, மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதன் அடையாளம். உயர எழுந்த இடிமேகம் பளீரென வெளுத்திருக்கும். ஆனால் ஒரு சொட்டு மழையும் தராத உயரக் கீற்று மேகமும் ஏறத்தாழ அதே வெண்மையில் தோன்றக்கூடும். பகல் நேரமானால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செயற்கைக்கோள் எடுத்த படத்தையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்: கீற்று மேகம் மெல்லிய திரையாக, கீழே உள்ளதைக் காட்டும், இடிமேகம் தடித்துப் புடைத்து, வெயில் சாய்ந்த வேளையில் நிழலும் விழுத்தும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பருவமழையின்போது விடியற்காலையில் கடலிலிருந்து சென்னைக் கரைக்கு வரும் மேகங்கள் பல நேரங்களில் உயரம் குறைந்தவை. உச்சி அதிகம் குளிராததால் அகச்சிவப்புப் படத்தில் மங்கலாகவே தெரியும், ஆனால் தெருவில் மழை கொட்டும். ஆகவே அடுத்த ஓரிரு மணி நேரத்து மழைக்கு ரேடாரையே நம்புவது நல்லது என்பது என் கருத்து.

ரேடார் படத்தின் நடுப்புள்ளியில் ரேடார் இருக்கிறது. அது அனுப்பும் வானொலி அலை மழைத்துளிகளில் பட்டு எவ்வளவு வலுவாகத் திரும்புகிறது என்பதே எதிரொலிப்பு. நிறங்கள் அதை டிபிஇசட் என்னும் அலகில் குறிக்கின்றன. 20 அளவில் இலேசான மழை, 40-ஐத் தாண்டினால் பலத்த மழை, 55-க்கு மேல் ஆலங்கட்டிக்கும் வாய்ப்புண்டு என்று தோராயமாகக் கொள்ளலாம். இந்த அலகில் 10 கூடினால் எதிரொலிப்பு பத்து மடங்காகிறது என்பதால், ஒரு நிறம் மாறுவதையும் அலட்சியம் செய்யக் கூடாது. ஒவ்வோர் இடத்துக்கும் மேலே பல உயரங்களில் பதிவானவற்றில் மிக அதிகமான எதிரொலிப்பைக் காட்டும் 'மேக்ஸ் இசட்' படத்தின் மேலும் பக்கத்திலும் உள்ள பட்டைகள் மேகத்தின் உயரத்தைக் காட்டுகின்றன. பலரும் இவற்றைப் பார்ப்பதேயில்லை.

பிறகு, படங்களைத் தொடராக ஓடவிட்டு, மேகத் திரள் நகர்கிறதா, நின்ற இடத்திலேயே புதிது புதிதாக முளைக்கிறதா என்று கவனியுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் ஏறத்தாழ அசையாமல் நின்றதே விழுப்புரம், புதுச்சேரி வட்டாரத்தில் பெருமழை பெய்ததற்கு முக்கியக் காரணம். ஒற்றைப் படத்தில் இது தெரியாது.

ரேடாருக்கும் குறைகள் உண்டு. அதன் கதிர் தொலைவு கூடக்கூட உயர்ந்துகொண்டே போகும். அரை பாகைச் சாய்வில் அனுப்பிய கதிர் 250 கிலோமீட்டரில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தாழ்வான மேகம் பொழிந்தாலும் படம் வெறுமையாகவே இருக்கும். நடுவிலிருந்து கம்பி போல நீளும் நேர்க்கோடு பெரும்பாலும் வேறு வானொலி அலைகளின் குறுக்கீடு. தொடர் ஓட்டத்தில் சற்றும் நகராத புள்ளிகள் கட்டடம், மலை, கடற்பரப்பு ஆகியவற்றின் எதிரொலியாக இருக்கலாம்.