சுண்ணாம்புக்கல் குகையைப் பார்வையாளருக்குத் திறக்கும்போது கவனிக்க வேண்டியவை

குகைக்குள் போய்வரும் ஒவ்வொருவரும் நான்கு பொருள்களை அங்கே விட்டுவிட்டு வருகிறார்கள்: உடல்சூடு, கரியமில வாயு, துணியிலிருந்து உதிரும் நூல்தூசி, கைப்பிசுக்கு. அவர்களுக்காக எரியும் விளக்கு ஐந்தாவது. வெட்டவெளியில் காற்றும் மழையும் இவற்றை அடித்துக்கொண்டு போய்விடும். குகையில் அப்படியே தங்கும். ஒரு நாளைக்கு எத்தனை பேரை விடலாம் என்பதை உள்ளே இருக்கும் காற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்து அல்ல.

ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள் உள்ள பிரான்சின் லாஸ்கோ குகை 1948-இல் திறக்கப்பட்டது. 1955 வாக்கில் நாளொன்றுக்குச் சுமார் 1,200 பேர் வந்தார்கள். பச்சைப் பாசியும் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தின் வெள்ளைப் படலமும் ஓவியங்களின் மேல் ஏறியதால் 1963-இல் மூட வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கார்ட்ஷ்னர் குகையின் கதை வேறு. 1974-இல் அதைக் கண்டுபிடித்த இருவரும் பல ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்தார்கள். 1988-இல் மாநில அரசு அதைப் பொறுப்பேற்றது. பொதுமக்களுக்குத் திறந்தது 1999-இல்தான். உள்ளே அளவெடுக்கவும் வெளிக்காற்று புகாமல் தடுக்கும் காற்றுப்பூட்டுக் கதவுகள் அமைக்கவும் நேரம் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பொறுமைதான் முதல் வேலை.

திறப்பதற்கு முன் குறைந்தது ஓராண்டு முழுதும் அளந்து வையுங்கள். குளிர்காலத்தில் ஒரு திசையில் ஓடும் காற்று கோடையில் எதிர்த்திசையில் ஓடும். மூன்று மாத அளவை நம்பி எடுக்கும் முடிவு பாதி ஆண்டுக்குத் தப்பாகிவிடும். வாசல், நடுப்பகுதி, காற்று தேங்கும் முட்டுச்சந்து என மூன்று இடங்களிலாவது வெப்பநிலை, ஈரப்பதம், கரியமில வாயு ஆகியவற்றை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும் கருவி வேண்டும். ஈரப்பதத்தை அளப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சாதாரண மின்னணு உணரி 95 சதவீதத்துக்கு மேல் போனால் நனைந்து, எப்போதும் 100 என்றே காட்டும். குகைக்கு 99-க்கும் 96-க்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஆகவே தட்டில் நீர் வைத்து, வாரத்துக்கு எவ்வளவு ஆவியாகிறது என்று எடைபோட்டுப் பாருங்கள். பழைய முறைதான், ஆனால் பொய் சொல்லாது.

கரியமில வாயுவை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும்? மண்ணில் அந்த வாயுவைச் சேர்த்துக்கொண்டு இறங்கும் நீர், வழியில் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவருகிறது. குகைக்குள் வந்ததும் வாயு காற்றில் பிரிந்துபோக, கால்சைட் படிகிறது. கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதும் தரையிலிருந்து எழும் கல்முளையும் வளர்வது இப்படித்தான். உள்காற்றிலேயே அந்த வாயு அதிகமானால் படிவது மந்தமாகும். அதோடு, மக்களின் மூச்சிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த பாறையில் முத்துமுத்தாகப் படிந்து, வாயுவைக் கரைத்துக்கொண்டு, ஏற்கெனவே வளர்ந்த படிவத்தையே அரிக்கத் தொடங்கும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும் வாயு, நாம் விடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பிபிஎம். நியூசிலாந்தின் வைட்டோமோ மின்மினிப்புழுக் குகையில் 2,400 பிபிஎம்மை மேல்வரம்பாக வைத்திருக்கிறார்கள். உங்கள் குகையின் இயல்பான அளவு தெரியும்வரை அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மனிதர் போகாமலேயே அந்த அளவைத் தாண்டும் குகைகளும் உண்டு.

நடைமுறையில் ஒரு எளிய விதி போதும். தினமும் காலையில் முதல் குழு இறங்குமுன் முட்டுச்சந்திலுள்ள அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய காலை அளவு நேற்றைய காலை அளவைவிடக் கூடி, நாளையும் கூடினால், பழைய நிலைக்குத் திரும்ப இரவுப் பொழுது குகைக்குப் போதவில்லை என்று அர்த்தம். குழுக்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது வாரத்தில் ஒரு நாள் மூடுங்கள். வெப்பநிலைக்கும் இதே விதிதான். மெதுவாக நடக்கும் ஒருவர் 100 வாட்டுக்கு மேல் சூட்டை வெளியிடுகிறார். இருபது பேர் ஓரிடத்தில் நின்று விளக்கம் கேட்பது இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைப் போட்டுவைத்ததற்குச் சமம். விளக்கம் சொல்லும் இடத்தை உயரமான, விசாலமான கூடத்தில் வையுங்கள். குறுகலான பாதையில் நிற்கவே கூடாது.

வாசலை அகலப்படுத்துவதும், புதிதாக இன்னொரு வழி வெட்டுவதும் எல்லாவற்றிலும் ஆபத்தானவை. வைட்டோமோவில் மேல்வாயிலில் இருந்த அடைப்புக் கதவுக்குப் பதிலாகக் கம்பிக் கதவு போட்டார்கள். காற்றோட்டம் கூடி உள்ளே உலர்ந்து, புழுக்களின் ஒளி மங்கியது. 1979-இல் குகையைச் சில மாதம் மூட நேர்ந்தது. புதிய வழி தவிர்க்க முடியாததென்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் போட்டு, ஒன்று மூடிய பிறகே அடுத்தது திறக்கும்படி அமையுங்கள். வௌவால்கள் பயன்படுத்தும் வாசலுக்கு இது பொருந்தாது. அங்கே படுக்கைவாட்டக் கம்பிகளை ஏறக்குறைய 15 செ.மீ. இடைவெளியில் வைக்க வேண்டும். வலை அடிக்கவே கூடாது. குட்டி ஈனும் காலத்தில் அந்தப் பகுதிக்குள் யாரையும் விடாதீர்கள். கார்ட்ஷ்னரில் பெரிய கூடத்தை ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைக்கிறார்கள்.

விளக்கு எரியும் இடத்தில் பாசி வரும், சந்தேகமே வேண்டாம். பச்சையாகத் தொடங்கி, பிறகு கால்சைட் மூடி, கழுவினாலும் போகாத கறையாகிவிடும். பல வண்ண விளக்குகளை ஆசையோடு போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். நீலமும் சிவப்பும் பச்சையத்துக்குப் பிடித்த ஒளி. 590 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் எல்இடி, அல்லது நீலம் குறைந்த வெதுவெள்ளை எல்இடி போதும். ஈரப்பாறையிலிருந்து விளக்கைத் தள்ளி வையுங்கள். குழு வந்ததும் எரிந்து, போனதும் அணையும்படி பகுதி பகுதியாகப் பிரியுங்கள். எவ்வளவு நேரம் எரிகிறது என்பதே பாசியின் அளவைத் தீர்மானிக்கிறது.

பாசி வந்துவிட்டால் பிளீச்சிங் கரைசலைத் தெளிக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின், குகைப் பூச்சிகளைக் கொல்லும். 15 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு நன்றாக வேலை செய்யும். ஆனால் அதை அப்படியே அடித்தால் கால்சைட்டை அரிக்கும். பயன்படுத்துவதற்குப் பத்து மணி நேரம் முன்பே அதில் சில சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் போட்டு வையுங்கள். அரிக்கும் தன்மை அந்தத் துண்டுகளிலேயே தீர்ந்துவிடும். அது வரை மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும். கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். ஓவியமோ தொல்லெச்சமோ உள்ள சுவரில் இதை முயலவே வேண்டாம்.

நடைபாதைக்கு மரம் கூடாது: அது மக்கி, பூஞ்சைக்குத் தீனியாகும். துத்தநாகம் பூசிய இரும்பிலிருந்து சொட்டும் நீர் சிற்றுயிர்களுக்கு நஞ்சு. 316 தரத் துருப்பிடிக்காத எஃகோ, கண்ணாடியிழைத் தட்டியோ போடுங்கள். பாறையில் துளையிடுவதைக் குறைத்து, பின்னாளில் கழற்ற முடிகிற மாதிரி அமைக்க வேண்டும். பாதையின் இரு ஓரமும் தாழ்வான விளிம்புச் சுவர் வைத்தால் நூல்தூசி அதற்குள் தங்கும். அதைக் கழுவிய நீரைத் தொட்டியில் சேர்த்து வெளியே கொண்டுபோய்விட வேண்டும். குகைத் தரையில் விட்டால் கழுவியதில் பயனில்லை. பாதைக்கு வெளியே ஒட்டிய தூசியை மென்தூரிகையாலும் இடுக்கியாலும்தான் எடுக்க முடியும்.

தொடும் தொலைவில் கல்விழுது இருந்தால் எவ்வளவு பலகை வைத்தாலும் தொடுவார்கள். கையெட்டாதபடி பாதையை விலக்குங்கள். யாராவது தொட்டுவிட்டால் வழிகாட்டி அந்த இடத்தில் உடனே அடையாளம் வைக்க வேண்டும். பிசுக்கு காயுமுன், அன்று மாலையே, குகை நீரும் மென்தூரிகையும் கொண்டு துடையுங்கள். சோப்பும் அமிலமும் ஆகாது. ஒரு செ.மீ. வளர நூறாண்டுகூட ஆகலாம் என்பதை வழிகாட்டி தொடக்கத்திலேயே சொன்னால் கைகள் பெரும்பாலும் அடங்குகின்றன. உடைந்த துண்டைக் குப்பையில் போடாமல், இடத்தை எழுதி எடுத்து வையுங்கள். எஃகு ஊசியும் எபாக்சிப் பசையும் கொண்டு பின்னர் ஒட்டலாம்.

குகைக்கு மேலேயுள்ள நிலமும் குகைதான். வாகன நிறுத்தம், கழிவறை, உணவகம் எதையும் அதன் மேல் கட்டாதீர்கள். தார் போட்டால் குகைக்குள் நீர் சொட்டுவது நின்றுவிடும். கழிவுநீர்த் தொட்டி கசிந்தால் விரிசல் வழியாக வடிகட்டப்படாமலே உள்ளே வந்துவிடும்.

வழிகாட்டிகளின் உடல்நலத்தையும் பார்க்க வேண்டும். கதிரியக்கமுள்ள ரேடான் வாயு குகையில் தேங்கும். பார்வையாளர் ஒரு மணி நேரத்தில் வெளியேறிவிடுவார். வழிகாட்டி ஆண்டு முழுதும் சுவாசிக்கிறார். ரேடான் அளவு கன மீட்டருக்கு 1,000 பெக்கெரலைத் (கதிரியக்கத்தின் அலகு) தாண்டினால், மின்விசிறி வைத்து காற்றை வெளியேற்றத் தோன்றும். செய்யாதீர்கள், குகை உலர்ந்துவிடும். ஆள்களை முறைவைத்து மாற்றி, ஒவ்வொருவரும் உள்ளே இருக்கும் நேரத்தைக் கணக்கெழுதிக் குறையுங்கள்.