லோடு லாரி ஏற்றத்தில் திணறுகிறதா? காற்றுப் பாதையை நீங்களே சரி செய்வது எப்படி

செங்கோட்டை–புனலூர் சாலையில் புளியரை எஸ் வளைவு ஏற்றத்தில் வண்டி திணறுகிறது, கரும்புகை கக்குகிறது, டீசலும் கூடுதலாகக் குடிக்கிறது என்று பட்டறையில் போய்ச் சொன்னால், முதலில் எழும் பேச்சு எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ, அடுத்தது டீசல் பம்பு. இரண்டுமே காசைக் கரைக்கிற பேச்சு. அதற்கு முன்னால் எஞ்சினுக்குக் காற்று வருகிற வழியை நீங்களே பார்த்துவிடலாம். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். டீசல் எஞ்சின் எப்போதும் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். தென்காசிப் பக்கத்துக் கிரஷர்களில் எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் புனலூர், கொல்லம் போகிற வண்டிகளுக்குக் கிடைக்கும் காற்றை யோசித்துப் பாருங்கள். ஏற்றுகிற இடத்தில் நைசான கல்தூசி; ஜூன் பிறந்துவிட்டால் கேரள எல்லையான கோட்டைவாசல் தாண்டியதும் மழை. ஃபில்டர் காகிதத்தில் படிந்த தூசியின் மேல் ஈரம் ஏறினால் அப்படியே அப்பிக்கொள்ளும், காய்ந்தாலும் விடாது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டீசல் எஞ்சினில் காற்றை மட்டும் கூட்டினால் சக்தி கூடாது. எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைப் பம்போ, ஈசியூ என்கிற எஞ்சின் கம்ப்யூட்டரோதான் முடிவு செய்கிறது. கம்பெனி கொடுத்த இழுவையில் அடைப்பாலும் ஒழுக்காலும் போன பங்கைத் திரும்ப வாங்குவதுதான் நம் வேலை.

எடுத்து வைக்க வேண்டியவை: ஸ்குரூ டிரைவர், ஸ்பானர் செட், டார்ச், சுத்தமான வெள்ளைத் துணி, ஒரு புட்டியில் சோப்புத் தண்ணீர். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எஞ்சின் ஆறட்டும். கேபினைச் சாய்ப்பதாக இருந்தால் லாக் விழுந்ததா என்று பார்த்த பிறகே கீழே தலையை நீட்டுங்கள்.

1. ஃபில்டர் இண்டிகேட்டரைப் பாருங்கள்

ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் டப்பாவான ஏர் கிளீனரிலோ அதிலிருந்து கிளம்பும் குழாயிலோ விரல் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதில் சிவப்பு தெரியும். புது வண்டிகளில் டேஷ்போர்டில் விளக்காக எரியும். டர்போ வண்டிகளில் பொதுவாக 25 அங்குல நீர்மட்டத்துக்கு அமைத்திருப்பார்கள். அதாவது, தண்ணீரை 25 அங்குல உயரம் உறிஞ்சித் தூக்குகிற அளவுக்கு எஞ்சின் சிரமப்பட்டால் சிவப்பு வரும்.

சிவப்பு வரவில்லை என்றால் ஃபில்டரைத் தொடாதீர்கள். “நேத்துதான் தட்டி மாட்டினேன் அண்ணாச்சி” என்று கிளீனர் தம்பிகள் பெருமையாகச் சொல்வார்கள். அது நல்ல பழக்கம் இல்லை. கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே அடுத்து வருகிற தூசியைப் பிடித்துக்கொள்ளும். தவிர, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சுத்தமான பக்கத்தில் தூசி விழ வழி செய்கிறோம். இண்டிகேட்டரே உடைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், பெரிய விலை இல்லை.

2. அடியில் இருக்கும் ரப்பர் வால்வு

ஏர் கிளீனரின் அடியில் வாத்து மூக்கு போல ஒரு ரப்பர் தொங்கும். கனமான தூசியும் தண்ணீரும் அதன் வழியாகத் தானே வெளியே விழும். விரலால் அமுக்கிப் பாருங்கள். உதடுகள் மூடியிருக்க வேண்டும், உள்ளே சேறு கட்டியிருக்கக் கூடாது. கிழிந்திருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ உடனே புதிது போடுங்கள். பல வண்டிகளில் இந்த இடம் வெறும் ஓட்டையாகத்தான் இருக்கிறது. அந்த ஓட்டை வழியாக ரோட்டுத் தூசி நேரே மேலேறும், ஃபில்டரும் சீக்கிரம் அடைக்கும்.

3. ஃபில்டரைக் கழற்றுவது

சிவப்பு வந்திருந்தால் இந்த வேலை. பெரும்பாலான லாரிகளில் இரண்டு எலிமென்ட், அதாவது இரண்டு ஃபில்டர் உருளை இருக்கும். வெளியே இருப்பது பெரியது; உள்ளே சிறியதாக ஒன்று காவலுக்கு இருக்கும். பெரியதை மட்டும் மெதுவாக ஆட்டி உருவுங்கள். உள் எலிமென்ட் இடத்திலேயே இருக்கட்டும். அது இருக்கும்போதே டப்பாவின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஏர் அடித்தால் தூசி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

பெரிய எலிமென்டைப் புதிதாக மாற்றிவிடுவதே என் கட்சி. சுத்தம் செய்தே ஆக வேண்டும் என்றால் டயரில் மோதித் தட்டாதீர்கள். பங்க்சர் கடை ஏர் பைப்பை ஒட்டி வைத்தும் அடிக்காதீர்கள். காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐக்கு மிகாமல், உள்ளிருந்து வெளிப்பக்கமாக, தள்ளிப் பிடித்து ஊதுங்கள். அப்புறம் டார்ச்சை உள்ளே விட்டு இருட்டில் சுற்றிப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தாலும் அந்த எலிமென்ட் குப்பைக்குத்தான். ஓரத்து ரப்பர் வளையம் நசுங்கி இறுகிப் போயிருந்தாலும் அதே கதிதான். உள் எலிமென்டை ஒருபோதும் ஊதி மறுபடி மாட்டக் கூடாது. பெரியதை மூன்று முறை மாற்றினால் இதை ஒரு முறை மாற்றுவது வழக்கம்.

4. வெள்ளைத் துணிச் சோதனை

இந்த வேலையிலேயே முக்கியமானது இதுதான். ஏர் கிளீனரிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்தி, குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். இது ஃபில்டரைத் தாண்டிய பகுதி, துணி சுத்தமாக வர வேண்டும். மண் நிறத்தில் கோடு விழுந்தால் தூசி எங்கேயோ குறுக்கு வழியில் புகுகிறது என்று அர்த்தம். கல்தூசி டர்போ இறக்கையைத் தேய்க்கும், பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். கடைசியில் எஞ்சின் வேலையில் கொண்டு நிறுத்தும்.

எங்கே புகுகிறது? ஹோஸை வளைத்து விரிசல் தேடுங்கள், கிளாம்புக்கு அடியிலும் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸுக்குள் ரப்பர் தோல் உரிந்து தொங்குவது உண்டு. வண்டி நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஏற்றத்தில் மிதிக்கும்போது அந்தத் தோல் உறிஞ்சப்பட்டு வழியை அடைக்கும். ஃபில்டர் புதிது, இழுவை மட்டும் இல்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். குழாய் கழன்றிருக்கும்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம், டர்போ துணியையும் இழுக்கும், விரலையும் இழுக்கும்.

5. டர்போவுக்கு அப்புறம்

டர்போ அமுக்கிய காற்று சூடாக வெளியே வந்து, இன்டர்கூலரில் ஆறி, எஞ்சினுக்குள் போகிறது. இந்தப் பக்கம் ஒழுகினால் தூசி உள்ளே வராது, அமுக்கிய காற்றுதான் வீணாகும். லோடில் புஸ்ஸென்ற சத்தமும் கரும்புகையும் அதன் அடையாளம். இணைப்புகளில் எண்ணெய்க் கறை விசிறி அடித்தது போல இருந்தால் அங்கேதான் ஒழுக்கு. சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்து, உதவிக்கு ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லித் தள்ளி நின்று நுரை பாருங்கள். இன்டர்கூலர் துடுப்புகளில் மண் அப்பியிருந்தால், எஞ்சின் ஆறியதும் பின்பக்கமிருந்து மெதுவான தண்ணீரில் கழுவுங்கள்.

கம்பெனி ஏர் கிளீனருக்குப் பதிலாகக் கூம்பு ஃபில்டர் போடலாமா?

வேண்டாம். எஞ்சினுக்கு அருகே திறந்தபடி மாட்டினால் அது சூடான காற்றைத்தான் குடிக்கும். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டரிலிருந்து கசியும் எண்ணெய், காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில் அதைக் கெடுக்கவும் கூடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி வந்த வண்டியில் புகைக் கட்டுப்பாடு முழுவதும் சென்சாரை நம்பித்தான் ஓடுகிறது. சட்டமும் ஒன்று இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியைக் கம்பெனி அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தினமும் எல்லை தாண்டுகிற வண்டிக்கு இந்த வம்பு எதற்கு?

6. மாட்டிப் பார்ப்பது

எல்லாம் மாட்டியதும் இண்டிகேட்டர் பட்டனை அமுக்கிச் சிவப்பை இறக்குங்கள். பிறகு அதே ஏற்றத்தில், அதே லோடில், அதே கியரில் ஓட்டிப் புகையையும் வேகத்தையும் பாருங்கள். முன்பு இறக்க வேண்டியிருந்த கியரை இறக்காமல் ஏறினால் வேலை பலித்தது. ஒரு மாற்றமும் இல்லை என்றால் இப்போது டர்போவையும் பம்பையும் பற்றிப் பேசலாம். புது ஹோஸ் சூடேறி ஆறியதும் கிளாம்ப் கொஞ்சம் தளரும். கொல்லத்தில் லோடு இறக்கிவிட்டு, எஞ்சின் ஆறியதும் அதை மறுபடி ஒரு தடவை இறுக்கிவிடுங்கள்.