பிள்ளையின் கேம் நேரத்தைச் சண்டையில்லாமல் குறைப்பது எப்படி?

முதலில் ஒன்று: போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அன்றைக்கு மட்டும் நிற்கும், மறுநாள் பக்கத்து வீட்டுப் பையனின் போனில் தொடரும். கேம் எப்படி ஓடுகிறது என்று நீங்களும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்' இருக்கும். எந்த ஆப் எவ்வளவு நேரம் ஓடியது என்று அதில் தெரியும். மொத்த நேரத்தைவிட, ராத்திரியில் எவ்வளவு என்பதைப் பாருங்கள். 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலையில் எழுப்ப முடியாததற்கும் வகுப்பில் தூங்கி வழிவதற்கும் பல நேரம் காரணம் இங்கேதான் இருக்கும்.

படி 2: நிமிடத்தை விடுங்கள், மேட்சை எண்ணுங்கள்

மற்றதெல்லாம் முன்பின் இருந்தாலும் இதைச் சரியாகச் செய்யுங்கள். "அரை மணி நேரம்தான்" என்று கடிகாரத்தைக் காட்டினால் சண்டை நிச்சயம். நான்கு பேர் அணியாக ஆடும் கேமை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. பாதியில் வெளியே வந்தால் கூட ஆடுபவர்கள் திட்டுவார்கள், பாயிண்டும் போகும். "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்று அவன் கெஞ்சுவது எப்போதும் பொய் இல்லை.

ஃப்ரீ ஃபயர் மேட்ச் பத்து பதினைந்து நிமிடத்தில் முடியும். பப்ஜியின் இந்திய வடிவமான பிஜிஎம்ஐயில் பெரிய மேப் (ஆடுகளம்) என்றால் அரை மணி நேரம் வரை இழுக்கும். ஆகவே, "இன்னைக்கு ரெண்டு மேட்ச்" என்று ஆரம்பிக்கும் முன்பே பேசிவையுங்கள். இரண்டாவது தொடங்கும்போது "இதுதான் கடைசி, சரியா?" என்று ஒருமுறை கேளுங்கள். முடிந்த உடனே போன் உங்கள் கைக்கு வரட்டும். தாமதித்தால் நண்பன் அடுத்த ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிடுவான்.

படி 3: பூட்டு போடுங்கள்

பிள்ளைக்குத் தனி போன் இருந்தால் 'ஃபேமிலி லிங்க்' ஆப்பில் தூங்கும் நேரத்தைப் பூட்டி வைக்கலாம். ஆனால் நம்ம சேலத்தில், அம்மாபேட்டையில் தறி ஓடும் வீட்டிலும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலும் பெரும்பாலும் அப்பா போன்தான் பிள்ளைக்கும். அப்படியானால் பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றுங்கள். யுபிஐ பின் நம்பரைப் பிள்ளை எதிரே அடிக்காதீர்கள். அப்புறம், கேம் கணக்கில் என்ன வயது போட்டிருக்கிறான் என்று பாருங்கள். பிஜிஎம்ஐயில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேர வரம்பு உண்டு. வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் அது எப்படி வேலை செய்யும்?

படி 4: சாயங்காலத்தை நிரப்புங்கள்

கேமை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட்டால் கை மறுபடி போனுக்குத்தான் போகும். 5 முதல் 17 வயதுள்ளவர்கள் தினம் 60 நிமிடமாவது உடம்பு அசைய விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பது கிட்டப்பார்வை வருவதையும் குறைக்கும். தெருக் கிரிக்கெட் போதும். அண்ணா பூங்கா, ஞாயிற்றுக்கிழமை குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா, திரும்பும் வழியில் ஒரு தட்டுவடை செட் என்றால் பிள்ளையே முன்னால் கிளம்பும். ஏற்காட்டுக்குப் போகும்போது மட்டும் காரில் போனைக் கொடுக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவிலும் குனிந்து ஸ்கிரீனைப் பார்த்தால் வாந்திதான்.

படி 5: எப்போது மருத்துவர்?

நிறைய ஆடுகிற பிள்ளை எல்லாம் நோயாளி இல்லை. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி கேமே முதலிடம், படிப்பும் உறவும் கெட்டாலும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து சுமார் ஒரு வருடம் நீடித்தால்தான் அதை நோயாக உலக சுகாதார நிறுவனம் கணக்கில் எடுக்கிறது. 2022 முதல் நடப்பில் உள்ள ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. அதற்காக வருடம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சாப்பாடு, தூக்கம், பள்ளி மூன்றிலும் அடி விழுவது தெரிந்தாலே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கூப்பிடலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதல் வாரம் எடுத்த கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர்கள் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.